களரியும் ஓடுகளமும்

சென்ற ஆண்டு ஒக்ரோபர் மாதம் 10ஆம் திகதி, உலக மனநல நாளன்று, எமது வளாகத்துத் தமிழ் மாணவர் சிலர் ஒன்றுகூடி, காலையில் ஓர் ஓட்டத்தையும் மாலையில் ஒரு தெருவெளி நாடகத்தையும் நடத்தினோம். மனச்சோர்வு என்னும் நோய் பற்றிய விழிப்புணர்வைப் பொதுமக்களிடையே உண்டாக்குவதே எமது நோக்கமாக இருந்தது. ஓட்டத்தில் எண்பதுக்கு மேற்பட்டோர் பங்குபற்றினர். நாடகத்தைப் பார்க்கச் சந்தையடியில் ஓரளவு கூட்டமும் கூடிற்று. சங்கத்தின் ஆண்டறிக்கையில் இந்நிகழ்ச்சி இரண்டு வரிகளில் இடம்பெறக்கூடும். அவ்விரண்டு வரிகளுள் அடங்காத சிலவற்றை எழுதிவைத்தல் வேண்டும் என்ற எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

இதிற் கூறப்படுவன பெரும்பாலும் என் அறைத்தோழன் ஒருவனைப் பற்றியவை. அவனுடைய சம்மதத்தைப் பெற்று, எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டிய பின்னரே அச்சுக்குக் கொடுக்கிறேன். தன் பெயரை எழுதவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டான். ஆகவே நண்பன் என்றே அவனைக் குறிப்பிடுகிறேன்.

நான் வடமராட்சியின் கடலோரக் கிராமம் ஒன்றிற் பிறந்தவன். பாடசாலைக் காலந்தொட்டே மெய்வல்லுநர் போட்டிகளில் 1,500 மீற்றர் ஓடி வருபவன். நண்பன் மட்டக்களப்பைச் சேர்ந்தவன். அவனுடைய பேரனார் ஊரில் மதிக்கப்பட்ட அண்ணாவியார். வடமோடிக் கூத்தின் தாளக்கட்டுக்களை அவன் எழுத்தறியுமுன்னரே அறிந்திருந்தான். 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகிய கூத்துக்களை மாணவரைக் கொண்டு மேடையேற்றிய வரலாற்றை நாமெல்லாம் பரீட்சைக்காகப் படித்தோம். அவனோ அந்த மரபைத் தன் கால்களிற் கொண்டு வந்திருந்தான். முதலாம் ஆண்டில், விடுதியின் சீமெந்துத் தரையில், சதங்கை கட்டாமலே அவன் ஆடிக்காட்டிய இரவொன்று இன்றும் என் நினைவில் இருக்கின்றது. அடுத்த அறைகளிலிருந்த சிங்கள மாணவர்களும் வந்து வாசலை நிறைத்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டாம் ஆண்டின் நடுப்பகுதியில் அவனிடத்தே மாற்றம் ஏற்பட்டது. ‘ஏற்பட்டது’ என்று இன்று எழுதுகிறேன். அன்று அதனை மாற்றம் என்று நான் உணரவில்லை. விரிவுரைகளுக்கு வருவது குறைந்தது. சிற்றுண்டிச்சாலையிலிருந்து நான் வாங்கி வந்த சோற்றுப் பொதி அவிழ்க்கப்படாமலே மேசையிற் கிடந்து மறுநாள் வீசப்பட்டது. பகலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடப்பான். அதிகாலை மூன்று மணிக்கு நான் தற்செயலாக விழித்தால், கட்டிலில் எழுந்து அமர்ந்திருப்பான். கேட்டால், “நித்திரை வரல்ல” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சதங்கைகள் பெட்டிக்குள் அடிக்குப் போய்விட்டன. இவ்வளவையும் கண்ட நான் இதற்குச் சோம்பல் என்று பெயரிட்டேன். நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து ஓடுகளத்திற்குச் செல்பவனுக்கு, எழுந்திருக்க முடியாத ஒருவன் சோம்பேறியாகவன்றி வேறெவ்வாறு தோன்றுவான்? “எழும்படா, நாலு சுத்து ஓடினால் எல்லாம் சரியாகும்” என்று அவன் போர்வையை இழுத்திருக்கிறேன். ஒருமுறை கோபத்துடன், “உனக்கென்ன விசரே?” என்றும் கேட்டிருக்கிறேன். அவன் பதில் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

இந்த நிலையிலேதான் மனநல நாள் பற்றிய ஆலோசனை எழுந்தது. மருத்துவ பீட மாணவர் இருவரும் கலைப்பீடத்தவர் ஐவரும் கொண்ட குழுவில் நானும் ஒருவனானேன். கருத்தரங்கு ஒன்றை வைப்போம் என்று முதலில் யோசிக்கப்பட்டது. கருத்தரங்குக்கு வருபவர் ஏற்கெனவே அறிந்தவரே என்றும், அறியாதவரைத் தேடி நாமே போதல் வேண்டும் என்றும் நான் வாதிட்டேன். மக்கள் கூடுமிடங்கள் இரண்டு: ஒன்று விளையாட்டு, மற்றையது கூத்து. இவ்விரண்டின் வழியாகச் சொன்னாற் செவியில் ஏறும் என்பது என் கட்சி. குழு அதனை ஏற்றுக்கொண்டது. ஓட்டத்துக்குப் பொறுப்பாளனாக நானே நியமிக்கப்பட்டேன். சுவரொட்டிகளும் என் பங்காயின.

என் வாதம் ஆதாரமற்றதன்று. உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் ஏறத்தாழ 28 கோடி மக்கள் மனச்சோர்வு நோயுடன் வாழ்ந்தனர். அந்நிறுவனம் 2017ஆம் ஆண்டின் உலக சுகாதார நாளுக்கு மனச்சோர்வையே பொருளாக எடுத்து, அதுபற்றிப் பேசுவோம் என்று அழைப்பு விடுத்தது. எனினும் நிறுவனங்களின் அழைப்பிலும் பார்க்க, விளையாட்டு வீரர் சிலரின் வாழ்வே இதுபற்றி உலகத்தைப் பேசவைத்தது எனலாம். ஜேர்மனியின் தேசிய உதைபந்தாட்ட அணியில் இலக்குக் காப்பாளராக விளையாடிய றொபேட் என்கே 2009 நவம்பர் 10ஆம் திகதி தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 32. மறுநாள் அவருடைய மனைவி ரெரேசா பத்திரிகையாளர் முன் அமர்ந்து, கணவர் ஆண்டுக்கணக்காக மனச்சோர்வினால் வருந்தியதையும், அது வெளியே தெரிந்தால் விளையாட்டையும் தத்தெடுத்த குழந்தையையும் இழக்கவேண்டி வருமோ என அஞ்சி மறைத்ததையும் கூறினார். ஹனோவர் நகர விளையாட்டரங்கில் நடந்த அஞ்சலிக்குப் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டனர். அடுத்த ஆண்டே அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை தோன்றி, இந்நோய் பற்றிய அறிவைப் பரப்பும் பணியை மேற்கொண்டது.

துடுப்பாட்ட உலகிலும் இத்தகைய வரலாறுகள் உள்ளன. இங்கிலாந்து அணியின் தொடக்கத் துடுப்பாட்டக்காரராக 76 ரெஸ்ற் போட்டிகளில் ஆடிய மார்க்கஸ் ரெஸ்கொதிக் 2006இல் இந்தியச் சுற்றுலாவின் இடையே நாடு திரும்பினார். தொடக்கத்தில் அதற்கு வேறு காரணங்களே கூறப்பட்டன. 2008இல் வெளிவந்த தம் சுயசரிதையில் உண்மையை அவர் ஒளிவின்றி எழுதினார். அவுஸ்திரேலிய வீரர் கிளென் மக்ஸ்வெல்லின் செய்தி எமக்கு இன்னும் அண்மையது. 2019 ஒக்ரோபர் 27ஆம் திகதி அடிலெயிட் மைதானத்தில் இலங்கை அணிக்கெதிராக 28 பந்துகளில் 62 ஓட்டங்களைக் குவித்தார் அவர். சில நாட்களுக்குள் மனநலக் காரணத்தால் ஓய்வு வேண்டும் என்று அறிவித்து அணியிலிருந்து விலகிக்கொண்டார். அன்று அவருடைய ஆட்டத்தைக் கண்டவர் எவரும் அவருள் ஒரு நோய் இருக்கின்றது என்று சொல்லியிருக்க மாட்டார். அதனை முதலில் அறிந்துகொண்டவர் தம் துணைவியே என்றும், எவரிடமாவது பேசுமாறு சொன்னவரும் அவரே என்றும் மக்ஸ்வெல் பின்னர் கூறினார்.

இந்த இறுதிச் செய்தியை நான் சுவரொட்டிக்காகக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். ‘அருகிலிருப்பவரே முதலில் அறிவார்’ என்று அதற்குத் தலைப்பும் இட்டேன். அதனை எழுதிய மேசைக்கும் என் நண்பனின் கட்டிலுக்கும் இடையே நான்கு அடி தூரம் இருந்திருக்கும்.

நாடகப் பிரதி எழுதப்பட்டு ஒத்திகை தொடங்கியது. எம்மிடையே மத்தளம் வாசிக்கக்கூடியவன் நண்பன் ஒருவனே என்பதால், வற்புறுத்தி அவனை அழைத்து வந்தோம். எங்கள் முதற் பிரதியில் மனச்சோர்வுற்ற இளைஞன் கிழிந்த சட்டையுடனும் கலைந்த தலையுடனும் வந்து, தனக்குத்தானே பேசி, எதிர்ப்பட்டவர் எல்லோரிடமும் சீறி விழுவான். நடித்தவன் நகைச்சுவையில் வல்லவன். ஒத்திகை பார்த்தோர் விழுந்து விழுந்து சிரித்தனர். ‘அங்கொடைக்கு அனுப்பவேண்டிய கேஸ்’ என்ற வசனம் வந்தபோது கைதட்டலும் கிடைத்தது. சிரிக்கவைத்தாற் கூட்டம் நிற்கும், கூட்டம் நின்றாற் செய்தியைச் சொல்லலாம் என்று நாங்கள் எங்களுக்கே நியாயம் கூறிக்கொண்டோம். மத்தளம் நின்றுவிட்டதை முதலில் எவரும் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது மத்தளம் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நண்பன் போய்விட்டான்.

அன்றிரவு நான் அறையில் இருந்து சுவரொட்டி எழுதிக்கொண்டிருந்தேன். மருத்துவ பீட நண்பர் தந்த குறிப்பிலிருந்து நோயின் அறிகுறிகளை ஒவ்வொன்றாகப் பெரிய எழுத்திற் பிரதிசெய்தேன். இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியும் நீங்காத துயரம்; முன்பு விரும்பியவற்றில் நாட்டமின்மை; பசியின்மை; நித்திரைக் குழப்பம்; சிறு வேலைக்கும் களைப்பு; மனத்தை ஒருமுகப்படுத்த இயலாமை; தான் பயனற்றவன் என்ற எண்ணம்; சாவைப் பற்றிய சிந்தனை. எழுத்து அழகாக வரவேண்டுமே என்பதிலேயே என் கவனம் முழுவதும் இருந்தது. நண்பன் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று நெடுநேரம் வாசித்தான். பின், மிகவும் தாழ்ந்த குரலில், “மச்சான், இதில நீ எழுதியிருக்கிறது என்னைப் பத்தித்தான்” என்றான்.

எத்தனையோ மேடைகளைப் பற்றி எத்தனையோ கட்டுரைகளை வாசித்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியம் என்னை நிறுத்தியதுபோல வேறெதுவும் நிறுத்தியதில்லை. தூரிகை கையில் இருந்தது. கடைசி அறிகுறியையும் நான் எழுதி முடித்திருந்தேன். அதுவும் உண்டா என்று கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. எனினும் கேட்டேன். கேட்பது அந்த எண்ணத்தை ஒருவன் மனத்தில் விதைத்துவிடும் என்று பலர் அஞ்சுவர். அஃது அவ்வாறன்று என்றும், கேட்கப்படுவது பெரும்பாலும் பாரத்தைக் குறைக்கும் என்றும் அதே குறிப்பில் எழுதியிருந்தது. அவன் சிறிது நேரம் பேசாதிருந்து, “சில நாள் இருக்கு” என்றான். அன்றிரவு நாங்கள் இருவரும் உறங்கவில்லை. விளக்கை அணைக்காமலே இருந்தோம். அவன் கொஞ்சம் பேசினான். நான் முதன்முறையாக அறிவுரை கூறாமல் இருந்தேன்.

மறுநாட் காலை நான் ஓடப் போகவில்லை. மருத்துவ பீட நண்பரின் உதவியோடு வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவுக்குச் சென்றோம். வாயிலில் எழுதியிருந்த பெயர்ப்பலகையைக் கண்டதும் நண்பன் தயங்கினான். தெரிந்தவர் எவரும் பார்க்கிறார்களா என்று என்னையறியாமல் நானும் சுற்றுமுற்றும் பார்த்தேன். விடுதியில் எம்மைக் கேட்டவர்களுக்கு, “அவனுக்குக் காய்ச்சல்” என்று சொல்லியிருந்தேன். வரிசையில் அமர்ந்திருக்கும்போதுதான் ரெஸ்கொதிக்கின் கதை நினைவுக்கு வந்தது. வேறு காரணம் கூறிய அணியினரைப் பற்றிச் சுவரொட்டியிற் குறைகூறி எழுதியவனும் நானே, காய்ச்சல் என்று கூறியவனும் நானே. மறைத்தல் தீய உள்ளத்தாலேயே நிகழ்வதில்லை. அன்புடையோரும் அச்சத்தால் மறைக்கின்றனர். இதனை அனுபவித்தறியாமல் விழிப்புணர்வு பற்றிப் பேசுவது எளிது.

வைத்தியர் சிங்களவர், அன்பானவர், தமிழ் ஓரளவு விளங்கும். நண்பனுக்குச் சிங்களம் சரளமாக வராது. ஆகவே நான் மொழிபெயர்ப்பாளனானேன். “என்ன செய்கிறது?” என்ற கேள்விக்கு அவன் ‘மனச்சோர்வு’ என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. “நெஞ்சுக்குள்ள பாரமா இருக்கு”, “ஒண்டிலயும் மனம் இல்ல”, “மனம் விட்டுப் போச்சு” என்றான். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் நான் இவற்றைப் பெயர்த்துச் சொல்லத் திணறினேன். ‘மனம் விட்டுப் போச்சு’ என்பதை எந்த மொழியில் எப்படிச் சொல்வது? வைத்தியர் கையசைத்து என்னை நிறுத்தி, அவன் சொல்லட்டும், தமக்கு விளங்குகிறது என்றார். நெஞ்சைத் தொட்டுக்காட்டி அவன் சொன்ன அச்சொற்களையே அவர் தமிழில் திரும்பச் சொன்னபோது, பல மாதங்களுக்குப் பின் நண்பன் அழுதான்.

மருந்து தரப்பட்டது. அதன் பயன் தெரியச் சில வாரங்கள் செல்லும் என்றும், நலமானதாகத் தோன்றியவுடன் தாமே நிறுத்திவிடக் கூடாதென்றும், உளவளத்துணையாளரைத் தொடர்ந்து காணுதல் வேண்டுமென்றும் வைத்தியர் விளக்கினார். ஓடினாற் சரியாகுமா என்று நான் கேட்டேன். என் மனத்தில் இன்னும் அந்த எண்ணம் இருந்தது. உடற்பயிற்சி இந்நோய்க்கு உதவுவது உண்மையே என்றும், குறிப்பாகக் கடுமை குறைந்த நிலையில் நற்பயன் தரும் என்றும் கூறினார் அவர். ஆயின் எழுந்திருக்கவே இயலாதவனை ஓடச் சொல்வது, கால் முறிந்தவனை நடக்காததற்காக ஏசுவது போன்றது என்றார். முதலிற் பத்து நிமிடம் நடக்கட்டும், கூடவே ஒருவர் நடக்கட்டும் என்றார்.

நண்பனின் தாயார் செய்தியறிந்து இரவுப் பேருந்தில் வந்து சேர்ந்தார். கோயிலில் நேர்த்தி வைத்துவிட்டு வந்திருந்தார். கையில் திருநீற்றுப் பொட்டலமும் ஒரு பையில் முறுக்கும் இருந்தன. இதனைப் பேய்க்குறை என்பாரோ, கழிப்புக் கழிக்க வேண்டும் என்பாரோ என்று நான் உள்ளூரப் பயந்தேன். அவர் மகனுக்குத் திருநீறு பூசினார். பின், மருந்துப் பையை எடுத்து, எந்த வில்லையை எப்போது கொடுப்பது என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். மாலையில் விடுதி வாசலில் நின்று சொன்னார்: “தம்பி, இவன்ட சின்னம்மாவும் சுனாமிக்குப் பிறகு இப்பிடித்தான் சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தாள். நாங்க ஒருத்தரும் அதை வருத்தமெண்டு நினைக்கல்ல.” சின்னம்மாவுக்கு என்ன நேர்ந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோனவர்களின் கணக்கு எழுதப்பட்டிருக்கின்றது. அதன்பின் சுவரைப் பார்த்திருந்தவர்களின் கணக்கை எழுதியவர் யார்?

இதன்பின் எங்கள் நாடகம் முன்போல இருக்க முடியவில்லை. நண்பனின் அனுமதியுடன் குழுவினரிடம் நடந்ததைக் கூறினேன். ‘அங்கொடை’ வசனத்துக்குக் கைதட்டியவர்களுள் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். பிரதியை முழுமையாகக் கைவிட்டோம். இத்துறையில் எமக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் மக்களின் மனவடுக்களை ஆராய்ந்து எழுதினார். 1990களின் தொடக்கத்திற் குழந்தை ம. சண்முகலிங்கம் ‘அன்னை இட்ட தீ’ என்ற நாடகத்தில் அத்தகைய உளக்காயங்களை மேடைக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகள் புலம்பெயர்ந்து செல்லத் தனித்துவிடப்பட்ட பெற்றோரின் துயரை அவருடைய ‘எந்தையும் தாயும்’ பேசிற்று. நோயாளியைக் காட்டிச் சிரிக்கவைக்காமல், பார்ப்போர் தம்மையே அவனிடத்திற் காணுமாறு செய்தல் கலைக்கு இயலும் என்பதை இவற்றிலிருந்து கற்றோம். பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே இருந்த பாடந்தான். நாம் வாசித்திருந்தோம், கற்றிருக்கவில்லை.

புதிய நாடகம் மிகவும் எளியது. ஓர் இளைஞன் நல்ல சட்டை அணிந்து, தலைவாரி, எல்லோரையும் போலவே வட்டக்களரியின் நடுவே அமர்ந்திருப்பான். தாய், ஆசிரியர், நண்பன், அயலவர் என ஒவ்வொருவராக ஆடிவந்து ஓர் அறிவுரை கூறிச் செல்வர். ஒவ்வோர் அறிவுரைக்கும் ஒரு கல் அவன் மடியில் வைக்கப்படும். “எழும்படா, நாலு சுத்து ஓடினால் எல்லாம் சரியாகும்” என்ற வசனத்தை நான் பேசினேன். அது யாருடைய கற்பனை என்று பாராட்டியவர்களுக்கு நான் விடையளிக்கவில்லை. இறுதியில் வரும் ஒருத்தி அறிவுரை கூறாமல் அவனருகே அமர்ந்து, “என்ன செய்யுது?” என்று கேட்பாள். அவன், “நெஞ்சுக்குள்ள பாரமா இருக்கு” என்பான். அவள் ஒரு கல்லைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, அவனை எழுப்பி, வைத்தியரிடம் கூட்டிச் செல்வாள். அவ்வளவே கதை. ‘மனச்சோர்வு’ என்ற சொல் கடைசி ஒரு நிமிடத்தில் மட்டுமே வரும். அதற்குமுன் மக்களின் சொற்களே பேசப்படும். புத்தகச் சொல்லைக் கேட்டுத் தம் நோயை அறிபவர் சிலர். தம் வாயில் வழங்கும் சொல்லை மேடையிற் கேட்டு அறிபவரே பலர்.

ஓட்டத்தின் விதிகளையும் மாற்றினேன். பரிசு இல்லை, நேரக்கணக்கு இல்லை. இருவர் இருவராகவே ஐந்து கிலோமீற்றர் செல்லவேண்டும். இருவருள் மெதுவாகச் செல்பவரின் வேகமே இருவரின் வேகம். விளையாட்டுக் குழுவினர் சிலர், இது ஓட்டமா ஊர்வலமா என்று கேலி செய்தனர். கேலி நியாயமானதே. ஓர் ஓட்டக்காரனுக்குத் தன் வேகத்தைக் கட்டுப்படுத்துவதிலும் கடினமான பயிற்சி வேறில்லை என்பதை அன்று அவர்களும் உணர்ந்திருப்பர். நண்பன் மருந்து தொடங்கிப் பதினெட்டு நாட்களே ஆகியிருந்தன. அவன் கடைசி ஒரு கிலோமீற்றரை மட்டும் என்னோடு நடந்தான். நடுவில் இருமுறை நின்றான். எல்லோருக்கும் கடைசியாக நாங்கள் வந்து சேர்ந்தபோது, தண்ணீர்ப் போத்தல்கள்கூட முடிந்திருந்தன.

மாலையிற் சந்தையடியில் நாடகம் நடந்தது. மத்தளம் வேறொருவன் வாசித்தான். தாளம் இரண்டிடத்திற் பிசகிற்று. முதற் பிரதியின் ஒத்திகையிற் கேட்ட சிரிப்பு இங்கு எழவில்லை. கூட்டம் இடையிற் கொஞ்சம் கலையவும் செய்தது. எனினும் நாடகம் முடிந்து நாங்கள் பொருட்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது நால்வர் தனித்தனியே வந்து, அந்த வைத்தியரை எங்கே காணலாம், எந்நாளிற் போகலாம் என்று கேட்டனர். அவர்களுள் ஒருவர் எமது சிற்றுண்டிச்சாலையில் நாள்தோறும் எமக்குத் தேநீர் ஊற்றித் தருபவர். தம் மகளுக்கு மூன்று மாதமாக ‘மனம் இல்லை’ என்றார்.

இந்த நால்வரையே எமது முயற்சியின் பயனாக நான் கொள்கிறேன். ஏனெனில் விழிப்புணர்வு என்பது ஒரு வாசலைக் காட்டுவதே. வாசல் இல்லாதபோது சுட்டும் விரலாற் பயனில்லை. எமது நாட்டின் வரலாறே இதற்குச் சான்று. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். அக்காலத்து உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் அஃது ஒன்று. பின்வந்த இருபது ஆண்டுகளில் அவ்வீதம் 70 சதவீதமளவு குறைந்தது. இதற்குப் பெருங்காரணம், கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிகொல்லிகள் 1984 முதலாகப் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டமையே என ஆய்வாளர் காட்டியுள்ளனர். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டவிதி 1998இல் நீக்கப்பட்டது. 1974இல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பு துயருற்றோரின் பேச்சைச் செவிமடுத்து வந்தது. அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகம் 1926 என்ற இலக்கத்தில் தொலைபேசிச் சேவையை ஏற்படுத்தியது. சட்டமும் மருந்தும் வைத்தியரும் செய்யவேண்டியதை நாடகமும் ஓட்டமும் செய்துவிட முடியாது. நாடகம் முடிந்த பின் எங்கே போவது என்று கேட்பவருக்கு, அவருடைய மொழி விளங்கும் ஒருவர் அமர்ந்திருக்கும் இடத்தைக் காட்ட முடியுமா என்பதே மெய்யான கேள்வி.

துயரம் கலைஞனை வளர்க்கும் என்று கூறுவாரும் உளர். ஓவியர் வின்சென்ற் வான்கோவை அதற்கு எடுத்துக்காட்டுவர். அவர் 1889இல் பிரான்சின் சென் றேமி மனநோய் விடுதியிற் தங்கியிருந்தபோது பல சிறந்த ஓவியங்களைத் தீட்டியது உண்மை. ஆயின் அவ்வாண்டின் கோடையில் நோய் முற்றியபோது வாரக்கணக்காக அவராற் தூரிகையைத் தொட இயலவில்லை என்பதும் உண்மையே. நோய் விலகிநின்ற நாட்களிலேயே அவர் வரைந்தார். என் நண்பனும் நோயுற்ற மாதங்களில் ஓர் அடிகூட ஆடவில்லை. அவனுடைய கலையை வளர்த்தது பேரனாரின் வீட்டு முற்றமேயன்றி இந்த நோயன்று.

இதனை எழுதும் இந்நாளில் அவன் முற்றாகக் குணமடைந்துவிட்டான் என்று கூறி முடிக்க எனக்கும் ஆசைதான். அவன் இன்னும் மருந்து எடுக்கிறான். இரண்டு பாடங்களை மறுபடியும் எழுதவேண்டியிருக்கிறது. நல்ல வாரங்களும் உண்டு. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கும் நாட்களும் உண்டு. அத்தகைய நாட்களில் நான் போர்வையை இழுப்பதில்லை. கதிரையைக் கட்டிலருகே போட்டுக்கொண்டு என் பாடத்தைப் படிக்கிறேன். சென்ற மாதம் முதலாம் ஆண்டு மாணவர் இருவர் வடமோடி ஆட்டம் பழகவேண்டும் என்று அறைக்கு வந்தனர். சதங்கையை அவன் எடுக்கவில்லை. கட்டிலில் இருந்தபடியே கையாற் தாளம் போட்டு, அவர்களின் கால் பிழைத்த இடத்தைத் திருத்தினான்.

காலையில் நாங்கள் இருவரும் ஓடுகளத்தைச் சுற்றி நடக்கிறோம். ஒரு சுற்று 400 மீற்றர். முன்பு அதனை நான் எத்தனை விநாடிகளில் ஓடினேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று நான் பார்ப்பதில்லை.